பிரான்சிலிருந்து வந்த பறவையியல் அறிஞர்

1

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு கேடயம் இருக்கிறது. கண்ணாடியில் செய்து ஓரத்தில் தங்கக் கலர் பூசியது. நடுவில் ஒரு கொக்கு பறக்கிறது. அதற்குக் கீழே, 'பிரான்சு நாட்டுப் பறவையியல் அறிஞர் திரு. ஜாபர் அவர்களுக்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்க்கும் மொரோக்கோக்காரர் டீ குடிக்க வந்தவர், இது என்ன பரிசு, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொன்னேன். மனிதர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிக்காமல் என்ன செய்வார்? நானும் அவரும் வேலை பார்ப்பது கோழி அறுக்கும் ஆலையில். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து, ரப்பர் பூட்ஸும் வெள்ளைக் கோட்டும் மாட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குள் நுழைவதுபோல அந்த ஹாலுக்குள் நுழைவோம். மேலே சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் ஹலால் பிரிவில் பிஸ்மில்லா சொல்லி அறுக்கும் வேலை எனக்கு. தோள்பட்டை போன பிறகு தரம் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். இருபது வருடத்துக்கு மேலாகிறது. பறவை இனத்தோடு என் உறவு இவ்வளவுதான்.

இந்தக் கேடயம் எப்படி வந்தது என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

என் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆகி, மாதா மாதம் பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர் என்று அர்த்தம். சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைக்குப் பாரீஸ் நிச்சயம் என்று எங்கள் புதுச்சேரியில் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பாரீஸ் கிடைக்கவில்லை. ரயிலில் போய், இன்னொரு ரயில் மாறி, அப்புறம் பஸ் ஏறிப் போனால் வருகிற ஒரு சிற்றூர் கிடைத்தது. ஒரு சர்ச், ஒரு ரொட்டிக்கடை, மேரி என்கிற ஒரு நகராட்சி ஆபீஸ், ஒரு கோழி ஆலை.

அந்த ஊரில் இலை உதிரும் காலத்தில் பறவைகளுக்கென்று ஒரு விழா நடத்துவார்கள். வடக்கிலிருந்து சாம்பல் நிறக் கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் இறங்கிவிட்டுப் போகும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் காரில் வருவார்கள். எனக்கு அது பெரிய ஆச்சரியம். கழுத்தில் பைனாகுலர், கையில் சூடான சூப், வாயில் கிசுகிசுப்பு. மையத்து கிடக்கும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அடி மேல் அடி வைத்து நடப்பார்கள். ஒரு கொக்குக்கா இவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாகத்தான் சைக்கிளில் வருவேன். தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவேன். உள்ளே போனதில்லை.

காரணம், உள்ளே என் மகள் ஷமீமா இருப்பாள். எங்களுக்கு ஷமி. இருபத்து நான்கு வயது. பறவைகளைப் பற்றித்தான் படித்தாள். காலேஜில் சேர்ந்ததிலிருந்து அந்த விழாவில் தொலைநோக்கி வைத்து ஜனங்களுக்குக் காட்டுவது அவள் வேலை. 'அத்தா, நீயும் வா' என்று ஒருமுறைகூட அவள் கூப்பிட்டதில்லை. நானும் உடம்பெல்லாம் கோழி வாடையோடு போய் நிற்பானேன் என்று இருந்துவிட்டேன்.

எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் கறி, கோழி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். பக்ரீத் அன்று பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. நான் அறுக்கிறேன் என்பதால்தானே தள்ளுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு நாள் ஃபோனில் யாரோ சிநேகிதியிடம், 'அப்பா உணவுத் துறையில் இருக்கிறார்' என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். உணவுத் துறை! மந்திரி மாதிரி. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு என் வேலை வெட்கமாக இருக்கிறது என்று அன்றைக்கு என் மனதில் விழுந்த முடிச்சு, அவிழவே இல்லை. எதைக் கண்டாலும் இது என்ன, அது ஏன் என்று பத்துக் கேள்வி கேட்கிறவன் நான். இதை மட்டும் அவளிடம் கேட்கப் பயந்தேன்.

3

இந்த நவம்பரில் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நானும் ஷமியும் ஊருக்கு வந்தோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் போய் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரிதான் இருக்கும். ஷமியின் வெளிநாடு வாழ் இந்தியர் கார்டில் இருக்கும் பெயர் எழுத்தும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அதிகாரி கேட்டார். பிரெஞ்சுக்காரன் எழுதினால் அப்படித்தான் எழுதுவான் சார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்றார். புதுச்சேரி என்றதும் "ஓ" என்று முத்திரையை ஒரே குத்தாகக் குத்தி அனுப்பிவிட்டார்.

அண்ணன் பெயர் காதர். மூலக்குளத்தில் வீடு, பெரிய மார்க்கெட் பக்கம் வளையல் கடை. வீட்டு வாசலிலேயே ஷமி அவரைப் பார்த்து, "பெரியத்தா, நீ சாப்ட்டியா?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம், சின்ன வயதில் நானும் அவள் அம்மாவும் அவளிடம் பேசிய தமிழ். வா, உக்காரு, சாப்புடு, ஓடாத, கத்தாத. அதனால் உலகத்தில் எல்லாரும் அவளுக்கு 'நீ'தான். அண்ணனுக்கோ அது தேனாக இனித்தது. "நீ சொல்லுடா கண்ணு, உனக்கில்லாததா" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு மறுநாள் ஷமி தெருமுனையில் ஒட்டியிருந்த போஸ்டரை ஃபோனில் படம் பிடித்து வந்து என் முன்னால் நீட்டினாள். வில்லியனூர் ரோட்டில் போய்க் கிளைச்சாலையில் திரும்பினால் வரும் ஒரு ஏரி. மழையில் நிரம்பிவிட்டது, வெளிநாட்டு வாத்துகள் வந்திருக்கின்றன, சனிக்கிழமை பறவைத் திருவிழா, அனைவரும் வருக.

"அத்தா, நீ வரியா?" என்றாள்.

அந்த ஊர் விழாவுக்கு இத்தனை வருடம் கூப்பிடாதவள் இந்த ஊர் விழாவுக்குக் கூப்பிடுகிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "வராம?" என்றேன். அன்று இரவு சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. விழாக் குழுத் தலைவர் தனபால் அண்ணனின் சிநேகிதர். மகனுக்குப் பெண் பார்த்த நாளிலிருந்தே அண்ணன், "என் தம்பி பிரான்சுல பறவை சம்பந்தமா பெரிய வேலையில இருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது.

4

போகும் வழியில் ஆட்டோவில் ஷமியிடம் கேட்டேன், நம் ஊருக்கு, அதாவது அந்த ஊருக்கு, வரும் பறவைதான் இங்கேயும் வருகிறதா என்று. அப்படி இருந்தால் எவ்வளவு அழகு என்று எனக்கு ஒரு ஆசை. அவள் தயவுதாட்சண்யமே இல்லாமல் தலையாட்டினாள். அது வேறு பாதை, இது வேறு பாதை, இவை இமயமலை தாண்டி வருகின்றன, அவை ஸ்பெயின் பக்கம் போகின்றன, ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது என்று பிரெஞ்சில் விளக்கினாள். மலையைத் தாண்டும்போது மூச்சு முட்டாதா, தூங்குமா, யார் முன்னால் போவது என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டில் நாங்கள் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சை அந்த ஆட்டோவில் பேசிவிட்டோம்.

ஏரிக்கரை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஷாமியானா, மேடை, வாடகை நாற்காலி, சுண்டல், இரண்டு பக்கமும் சினிமாப் பாட்டு போடும் ஒலிபெருக்கி. பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் அலகு செய்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாக ஆயிரக்கணக்கில் வாத்துகள். ஷமி பிரான்சிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த தொலைநோக்கியைக் கரையோரம் நிறுத்தினாள். உடனே பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள்.

நான் அவள் பக்கத்தில் போய் நிற்பதற்குள் ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "ஜாபர் சார்தானே? நான் தனபால். காதர் பாய் எல்லாம் சொன்னாரு. மேடைக்கு வாங்க சார்."

"எனக்கெதுக்குங்க மேடை? நான் சும்மா பாக்க வந்தேன்."

"நல்லா இருக்கே! பிரான்சுலேர்ந்து வந்துட்டு சும்மா பாக்கறதா?"

அண்ணன் புதுச் சம்பந்தி வீட்டாரோடு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு போ போ என்று கண்ணைக் காட்டினார். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். காது கொடுத்தால்தானே? பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது. ஒலிபெருக்கியில் 'உலகப் புகழ் பெற்ற' என்று ஆரம்பித்தார்கள். எனக்கு வியர்த்தது. ஷமி தொலைநோக்கியிலிருந்து தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இதற்கு முன் பார்க்காத பறவை ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் விழாவைத் தொடங்கி வைக்க வேண்டிய பிரமுகரின் வண்டி கிளைச்சாலையில் திரும்பியது.

"வண்டி வந்துடுச்சி, கொளுத்துறா!" என்று தனபால் மைக்கிலேயே கத்தினார்.

கரை நெடுகப் பத்தாயிரம் வாலா விரித்திருந்தார்கள். தீபாவளியில் மீந்தது. நம் ஊரில் பிரமுகர் வந்தால் வெடி. அது கடைத் திறப்பா, காதுகுத்தா, பறவைத் திருவிழாவா என்று யார் யோசிக்கிறார்கள்? கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும். சத்தியமாகச் சொல்கிறேன், மேடையில் இருந்த எனக்கே அதில் தப்பு இருப்பதாக ஒரு நொடி தோன்றவில்லை. ஷமி மட்டும்தான், "நிறுத்து! நிறுத்து!" என்று கரையில் ஓடினாள். பத்தாயிரம் வாலாவை யார் நிறுத்துவது?

முதல் வெடிக்கே ஏரி எழுந்துவிட்டது. எல்லா வாத்தும் ஒரே நேரத்தில் சிறகடித்த சத்தம், வெடிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றின. அப்புறம் தென்னந்தோப்புக்கு அப்பால் போய்விட்டன. வெடி முடிந்து புகை அடங்கியபோது தண்ணீரில் ஒரு நாமக்கோழிகூட இல்லை.

பிரமுகர் வண்டியிலிருந்து இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, ஏரியைப் பார்த்தார். "எங்கய்யா பறவைங்க?"

தனபால் தென்னந்தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். "இப்பதான் சார் வெளிய போயிருக்கு."

5

ஷாமியானாவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அட்டை அலகு கட்டிய பிள்ளைகள் மட்டும் "மிஸ், எங்க மிஸ், எங்க மிஸ்" என்று டீச்சரைப் பிய்த்தெடுத்தார்கள். தனபாலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கைப்பணத்தைப் போட்டு, பத்து நாள் அலைந்து செய்த விழா. அவர் என்னிடம் வந்து மைக்கைக் கையில் திணித்தார்.

"சார், நீங்கதான் சொல்லணும். திரும்பி வருமா?"

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிரமுகரும் பார்த்தார். கோழி என்றால் எதைக் கேட்டாலும் சொல்வேன். எந்த எடை, எந்தத் தரம், எந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்கும். பறக்கிற பறவையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் கைக்கு வந்த எதுவும் பறந்ததில்லை. வரும் என்று அடித்துவிட்டால் அத்தனை பேரும் நம்புவார்கள். ஷமி நம்ப மாட்டாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிஞர் வேஷம் போட எனக்கு மனம் வரவில்லை. நான் கோழி அறுக்கிறவன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் புதுச் சம்பந்தி வீட்டார் மத்தியில் அண்ணன் தலை தொங்கிவிடும். ஷமிக்கோ அவள் மறைத்து வைத்ததை அத்தா மைக் வைத்துச் சொன்னதாக ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் அவளை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். உண்மையாகவே அதுதான் என் வாயில் வந்தது. "என் பொண்ணுக்குத் தெரியும். அவ சொல்லுவா."

ஷமி கரையில் நின்றபடி, நானா என்று நெஞ்சில் விரல் வைத்தாள். தமிழில் நாலு பேர் முன்னால் பேசியவள் இல்லை. ஆனாலும் விறுவிறுவென்று வந்து மேடையேறினாள். மைக்கை வாங்கினாள். ஒரு நிமிடம் வார்த்தை தேடினாள். கிடைத்ததெல்லாம் எங்கள் வீட்டு வார்த்தைகள்தான்.

"எல்லாரும் உக்காரு" என்றாள். "கத்தாத. ஓடாத. கைய வெச்சிக்கிட்டு சும்மா இரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரமுகரைப் பார்த்து, "நீயும்தான்" என்றாள். அவர் பட்டென்று உட்கார்ந்துவிட்டார். நானும் அவள் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் அவளை அதட்டிய அதே குரல், அதே இழுப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது.

"பாட்டு நிறுத்து. அப்ப வரும். எல்லாம் வராது. கொஞ்சம் வரும். பசிக்குது அதுக்கு. ரொம்ப தூரம் வந்துச்சி."

ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தினார்கள். பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டார்கள். நம் ஊர் ஜனங்கள் இருநூறு பேர் ஒரே இடத்தில் பேசாமல் இருந்ததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். சுண்டல் விற்றவர்கூட மூடியை மெதுவாகத்தான் திறந்தார்.

6

தனபாலுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. விஷயம் தெரிந்த பிள்ளை என்று ஷமியின் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. குரலைத் தணித்துக் கேட்டார், ஆனால் மைக் அவள் கையில் இன்னும் அணையாமல் இருந்தது.

"அப்பாகிட்டதான் இதெல்லாம் கத்துக்கிட்டியாம்மா? அவரு அங்க இன்னா ஆராய்ச்சி பண்றாரு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உணவுத் துறை என்று சொல்லிவிடு கண்ணு, இன்றைக்கு ஒரு நாள் சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டினேன்.

"அத்தா ஆராய்ச்சி இல்ல" என்றாள் ஷமி. "அத்தா கோழி ஃபேக்டரி."

ஒருவரும் அசையவில்லை. அசையக்கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள்.

"கோழி வெட்டுற ஃபேக்டரி. ரொம்ப குளிரு. கை இப்பிடி வீங்கும். அத்தா இருட்டுல எந்திரிப்பாரு. கதவு மெதுவா மூடுவாரு, ஷமி தூங்குறான்னு. ஷமி தூங்கல. டெய்லி ஷமி தூங்கல. சைக்கிள் சத்தம் போற வரைக்கும் கேப்பேன். நான் கோழி சாப்பிட மாட்டேன். அத்தாவுக்குக் கோவம். எனக்கு அத்தா மேல கோவம் இல்ல. அந்தக் காசுலதான் நான் பறவை படிச்சேன்."

அவ்வளவுதான். மைக்கை அணைத்துத் தனபாலிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மேடையில் பொன்னாடையோடு நான். முன்வரிசையில் அண்ணன் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் குனிந்தபடியே மேடையோரம் வந்து என் காதில், "சார், அந்தக் கம்பெனியில ஆள் எடுக்குறாங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தனபால் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அப்புறம், "அச்சடிச்சாச்சு சார், வாங்கிக்கிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். நல்ல திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"ஏன்டா ஜாபரு, டெய்லி இருட்டுலயா எந்திரிக்கிற?" என்றார். "இத்தன வருஷம் ஃபோன்ல நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னியே, ஒரு வார்த்த சொன்னியாடா?"

நான் பதில் சொல்வதற்குள் பிள்ளைகளிடமிருந்து "ஆ" என்று ஒரு மூச்சு வந்தது. தென்னந்தோப்புப் பக்கமிருந்து ஏழெட்டு வாத்துகள் தாழப் பறந்து வந்து, காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் இறங்கின. யாரும் கை தட்டவில்லை. தனபால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார்.

"அத்தா, இங்க வா" என்று ஷமி கையை ஆட்டினாள். தொலைநோக்கியை நான் பார்க்கிற உயரத்துக்கு இறக்கினாள். வரிசையில் நின்ற பிள்ளைகளிடம், "தள்ளு. மொதல்ல அத்தா" என்றாள்.

நான் குனிந்து கண்ணை வைத்தேன்.

"ஊசிவால் வாத்து. கழுத்துல வெள்ளக் கோடு. தெரியுதா?"

"தெரியுது" என்றேன். உண்மையில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. எல்லாம் கலங்கிப்போய்க் கிடந்தது.

என்னை மெல்ல நகர்த்திவிட்டு அவள் குனிந்து பார்த்தாள். "தண்ணி பட்டிருக்கு அத்தா" என்று கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. துடைத்து முடித்து, என் கழுத்தைப் பிடித்து மறுபடியும் குனிய வைத்தாள்.

"இப்ப பாரு" என்றாள்.